அணையில் நிற்கும் தண்ணீர் யாருடையது? ரியோ கிராண்டே எல்லை ஆற்றின் நீர்க்கணக்கு

அமெரிக்க-மெக்சிகோ எல்லையிலுள்ள ஃபால்கன் அணையில் 30 சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்று செய்தி வந்தால், கீழே டெக்சாஸில் பயிர் வைத்திருக்கும் விவசாயிக்கு அதனால் ஒன்றும் தெரிந்துவிடாது. அந்த 30-ல் மெக்சிகோவின் இருப்பு எவ்வளவு, அமெரிக்காவின் இருப்பு எவ்வளவு, அதில் குடிநீருக்கு எடுத்து வைத்தது போகத் தன் பாசன மாவட்டத்தின் (விவசாயிகளுக்கு நீர் விநியோகிக்கும் அமைப்பு) கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் அவர் விதைப்பைப் பற்றி யோசிக்க முடியும். எல்லை ஆற்றில் அணையின் நீர்மட்டம் வேறு, ஒருவருக்கு உரிமையான தண்ணீர் வேறு, அவருடைய வாய்க்காலுக்கு வந்து சேரும் தண்ணீர் வேறு.

ரியோ கிராண்டேயை மெக்சிகோவில் ரியோ பிராவோ என்பார்கள். இரு நாட்டுக்கும் எல்லையாக ஓடும் இந்த ஆற்றின் மேல்பகுதிக்கு 1906 ஒப்பந்தம், கீழ்ப்பகுதிக்கு 1944 ஒப்பந்தம். மேல்பகுதிக் கணக்கு எளிது. அமெரிக்காவிலுள்ள எலிஃபண்ட் பியூட் அணையிலிருந்து ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி, நம் கணக்கில் சுமார் 2.6 டிஎம்சி, சியுதாத் ஹுவாரெஸ் நகரருகே மெக்சிகோவுக்குத் தர வேண்டும். வறட்சி வந்தால் அமெரிக்கப் பாசனத்துக்கு எந்த விகிதத்தில் வெட்டு விழுகிறதோ அதே விகிதத்தில் இதற்கும் விழும்.

சிக்கலெல்லாம் 1944 ஒப்பந்தத்தில். மெக்சிகோவிலிருந்து வந்து சேரும் துணையாறுகளில் கோன்சோஸ், சலாதோ உள்ளிட்ட 6 துணையாறுகள் மட்டும் பங்குக்கு உட்பட்டவை. அவற்றிலிருந்து எல்லை ஆற்றுக்கு வந்து சேரும் நீரில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. அந்தப் பங்கு, ஐந்தாண்டுச் சுற்றில் சராசரியாக ஆண்டுக்கு 3,50,000 ஏக்கர் அடிக்குக் குறையக் கூடாது. இது சுமார் 15.2 டிஎம்சி, ஐந்தாண்டுக்கு 76 டிஎம்சி. மூன்றில் ஒரு பங்கு 15.2 என்றால், மெக்சிகோ சராசரியாக ஆண்டுக்கு 45 டிஎம்சிக்கு மேல் ஆற்றுக்குள் வரவிட வேண்டும், அல்லது தன் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்துக் குறையை நிரப்ப வேண்டும்.

அவ்வளவு தண்ணீர் சாதாரண ஆண்டில் வருவதில்லை. கோன்சோஸின் மேலே சிவாவா மாநிலத்தில் லா போக்கியா அணை இருக்கிறது. கொள்ளளவு சுமார் 100 டிஎம்சி, மேட்டூரைவிடச் சற்றுப் பெரியது. டெலிசியாஸ் பாசனப் பகுதி அதை நம்பித்தான் இருக்கிறது. அங்கே பாசனம் போக எல்லைக்கு வருவது பெரும்பாலும் பெருமழையில் வழிந்து வரும் நீரும், அணைக்குக் கீழே பெய்யும் மழை நீரும்தான். ஒப்பந்தத்தில் ஆண்டுவாரிக் கட்டாயம் கிடையாது. அதனால் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் பாக்கி சேர்வது யார் கண்ணையும் உறுத்தாது. அதோடு, அமிஸ்டாட், ஃபால்கன் என்ற இரண்டு எல்லை அணைகளிலும் அமெரிக்காவின் சேமிப்புப் பங்கு முழுக்க நிரம்பிவிட்டால் சுற்று அங்கேயே முடிந்து, பாக்கி அடிபட்டுப் போகும். ஒரு பெரும்புயல் கடனை அடைத்துவிடும் என்று காத்திருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ‘அசாதாரண வறட்சி’ என்றால் குறையை அடுத்த சுற்றில் ஈடுசெய்யலாம் என்கிறது ஒப்பந்தம்; எது அசாதாரணம் என்று சொல்லவில்லை. எங்கள் பார்வையில் ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

2015-ல் தொடங்கிய சுற்று 2020 அக்டோபர் 24-ல் முடிய இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிவாவா விவசாயிகள் லா போக்கியா அணையையே கைப்பற்றினார்கள். முடிவு தேதிக்கு மூன்று நாள் முன்பு உடன்பாடு கையெழுத்தானது: எல்லை அணைகளில் மெக்சிகோ வைத்திருந்த இருப்பை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிப் பாக்கி அடைக்கப்பட்டது. மதகு திறக்காமல் ஏட்டிலேயே நடந்த நீர் விநியோகம் அது. அடுத்த சுற்று 2025 அக்டோபரில் பெரும் பாக்கியோடு முடிந்தது. இடையில் 2024-ல் டெக்சாஸின் கடைசிக் கரும்பு ஆலை மூடப்பட்டபோது நிர்வாகம் சொன்ன காரணம் தண்ணீர் இல்லை என்பதே.

அணைக்கணக்குக்கு வருவோம். மேலே அமிஸ்டாட், 1969-ல் முடிந்தது. கீழே ஃபால்கன், 1950-களில் கட்டியது. சேமிப்புக் கொள்ளளவில் அமெரிக்காவுக்கு அமிஸ்டாடில் 56.2 சதவீதம், ஃபால்கனில் 58.6 சதவீதம், மீதி மெக்சிகோவுக்கு. இரு நாட்டு எல்லை, நீர் ஆணையம் வாரந்தோறும் இருப்பைப் பிரித்து எழுதுகிறது. அளவிடப்படும் துணையாறுகளின் வரத்து அவரவர் பங்குப்படி வரவில் ஏறும். அளவிடப்படாத வரத்து சரிபாதி. எந்த நாடு கேட்டுத் திறந்ததோ அதன் பற்றில் வெளியேற்றம் எழுதப்படும். ஆவியாதல், கசிவு இழப்புகள் யாருக்கு எவ்வளவு இருப்போ அந்த விகிதத்தில் கழியும். அதாவது சேர்த்து வைப்பவருக்குத்தான் வெயிலும் அதிகம் வசூலிக்கும். ஒரு நாட்டின் பங்கு நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வருவது மற்ற நாட்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் ஒரு நாடு மற்ற நாட்டின் காலி இடத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி உண்டு.

அமெரிக்கப் பங்கு வந்த பிறகு டெக்சாஸின் நீர் அதிகாரி அதைப் பிரிக்கிறார். முதலில் நகரங்கள், வீடுகள், தொழிற்சாலைகளுக்கென 2,25,000 ஏக்கர் அடி ஒதுக்கு. அடுத்து, இழப்புகளையும் கணக்குத் திருத்தங்களையும் ஈடுகட்ட வைக்கும் இயக்கக் கையிருப்பு. மிச்சம் இருந்தால்தான் பாசனக் கணக்குகளில் வரவு. அதிலும் முதல் வகை உரிமைக்கு இரண்டாம் வகையைவிட 1.7 மடங்கு வேகமாக நீர் சேரும். இருப்பு குறையும் காலத்தில் விவசாயியின் கணக்கு மாதக்கணக்கில் அசையாமல் நிற்பதற்கு இந்த வரிசைதான் காரணம்.

கணக்கில் தண்ணீர் இருந்தாலும் கேட்டவுடன் வராது. ஃபால்கனில் திறந்த நீர் ஆற்றின் கடைக்கோடியிலுள்ள பிரவுன்ஸ்வில் பக்கம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். எனவே பாசன மாவட்டம் முன்கூட்டியே அளவைச் சொல்லிப் பதிய வேண்டும். பதிந்த பின் வயலில் நல்ல மழை பெய்தால் வழியில் வரும் நீரை யாரும் இறைக்க மாட்டார்கள்; அது கடலுக்குப் போகும். அப்படி உபரி ஓடும் நாட்களில் கணக்கில் பிடிக்காமல் இறைத்துக்கொள்ளலாம் என்று நீர் அதிகாரி அறிவிப்பதுண்டு. அந்த அறிவிப்பைக் கவனிக்காத மாவட்டம் சும்மா வந்த நீரை விட்டுவிட்டுச் சேமிப்பைச் செலவழிக்கும்.

அளவீட்டிலும் ஏமாறலாம். மணற்படுகை இடம் மாறும். ஹைட்ரில்லா, ஆகாயத்தாமரை போன்ற நீர்க்களைகள் மண்டினால் ஓட்டம் கூடாமலே நீர்மட்டம் உயரும். மட்டத்தை மட்டும் பார்த்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் அட்டவணையில் ஓட்டத்தைப் படிப்பவர் இல்லாத தண்ணீரைக் கணக்கில் சேர்ப்பார். நீரோட்டமானியை ஆற்றில் இறக்கி நேரடியாக அளந்து அட்டவணையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைமடை ஊர்களுக்கு இன்னொன்று. குடிநீர் ஒதுக்கு இருப்பதால் பாதுகாப்பு என்று நகராட்சிகள் நினைக்கின்றன. ஆனால் அந்த நீர் பாசன நீரின் முதுகில் ஏறித்தான் வாய்க்கால் வழியே ஊருக்கு வருகிறது. பாசனம் நின்றுவிட்டால் வாய்க்காலை நிரப்பி, கசிவையும் ஆவியாதலையும் ஈடுகட்டவே தனி நீர் வேண்டும். ‘தள்ளு நீர்’ என்று சொல்லலாம். அது யாருடைய கணக்கிலிருந்து கழியும் என்று பாசன மாவட்டத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வாய்க்கால் இணைப்போ நிலத்தடி நீர் ஏற்பாடோ இருந்தால் அதைப் பாசனம் நடக்கும்போதே ஓட்டிச் சோதியுங்கள்.