தற்கட்டுப்பாடு: சொல்லும் பொருளும்

குற்றவியலில் ‘செல்ஃப் கண்ட்ரோல்’ என்று வழங்கும் கலைச்சொல்லுக்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் தற்கட்டுப்பாடு. தன் + கட்டுப்பாடு. தற்காப்பு, தற்பெருமை ஆகியவற்றில் போலவே னகரம் றகரமாகத் திரிந்திருக்கிறது. கண் முன்னே தெரியும் இன்பத்துக்காகப் பின்னால் வரும் கேட்டை மறந்துவிடாமல் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் என்பது பொருள்.

‘கண்ட்ரோல்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் இலத்தீன் வேர்களுக்கு எதிர், சுருள் என்று பொருள். கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாம் பிரதியைத்தான் முதலில் அச்சொல் குறித்தது.

சுயக்கட்டுப்பாடு என்று எழுதினாலும் பிழையில்லை. தன்னடக்கம் என்றால்தான் சிக்கல். ‘ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்’ என்ற குறளில் அடக்கல் புலன்களைக் கட்டுக்குள் வைப்பதே. ஆனால் இன்று ‘தன்னடக்கமான மனிதர்’ என்றால் தற்பெருமை பேசாதவர் என்றே எவரும் புரிந்துகொள்வார்கள். ஆய்வுக் கேள்வித்தாளில் இச்சொல்லைப் போட்டால், கேட்டது ஒன்றும் பதில் வேறொன்றுமாகிவிடும்.

இச்சொல்லைக் குற்றவியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர்கள் மைக்கேல் காட்ஃபிரட்சன், டிராவிஸ் ஹிர்ஷி என்ற அமெரிக்கர்கள், ஆண்டு 1990. பிள்ளையைக் கவனிப்பது, தவறைக் கண்டுகொள்வது, திருத்துவது ஆகிய மூன்றும் வீட்டில் ஒழுங்காக நடந்தால் சிறுவயதிலேயே தற்கட்டுப்பாடு அமைந்துவிடும் என்றார்கள். 1993-இல் ஹெரால்டு கிராஸ்மிக் குழுவினர் இதற்கு அளவுகோல் வகுத்தார்கள். அவசரம், எளிதானதையே நாடுதல், ஆபத்தில் நாட்டம், சிந்தனையைவிட உடல்சார்ந்த செயல்களில் விருப்பம், தன்னலம், முன்கோபம் என ஆறு கூறுகள். கூறுக்கு நான்கு கூற்றுகள் வீதம் 24. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் என்பதால் மொத்தம் 24-க்கும் 96-க்கும் இடையே விழும். மதிப்பெண் கூடக் கூடத் தற்கட்டுப்பாடு குறைவு. இந்தத் தலைகீழ்க் கணக்கைக் கவனிக்காமல் அட்டவணையைப் படித்தால் முடிவே புரண்டுவிடும்.

அதுவரை குற்றம் செய்பவரை விளக்கவே பயன்பட்ட கருத்தை, குற்றத்துக்கு ஆளாகிறவர் பக்கம் 1999-இல் திருப்பியவர் கிறிஸ்டோபர் ஷ்ரெக். தற்கட்டுப்பாடு குறைந்தால் அடி தானாக வந்து விழுவதில்லை. இடையில் நடத்தை என்றொரு கண்ணி இருக்கிறது. நள்ளிரவு தாண்டியும் குடித்துவிட்டு வெளியில் நிற்பது, அடிதடிக்குத் தயங்காதவர்களோடு பழகுவது, சீண்டலுக்குச் சட்டென்று கை ஓங்குவது, முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறுவது. இவற்றை இடர்நடத்தை என்கிறோம். ஒரு மதுக்கடை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். தோள் இடித்துவிட்டது. ஒருவர் நகர்ந்துவிடுகிறார், இன்னொருவர் திரும்பி நின்று திட்டுகிறார். எதிரில் இருப்பவர் கையில் பாட்டில் இருந்தால், குத்து யாருக்கு விழும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லவே வேண்டாம். ‘தன்னையே கொல்லுஞ் சினம்’ என்ற குறள் தொடர் இங்கே உவமையாகக்கூட நிற்கவில்லை, நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது.

டிராவிஸ் பிராட் குழுவினர் 2014-இல் 66 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குறைந்த தற்கட்டுப்பாட்டுக்கும் குற்றத்துக்கு ஆளாவதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் மிதமானது. இடர்நடத்தையையும் கணக்கில் சேர்த்தால் அது மேலும் சுருங்குகிறது. நேருக்கு நேர் நடக்கும் தாக்குதலைவிட, இணையவழித் தொல்லை போன்ற தொடாமல் நடக்கும் குற்றங்களில் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. சம்பவத்துக்குப் பிறகு மட்டும் அளப்பது பெரிய பிழை. அடிபட்டவரின் பதற்றமும் கோபமும் மதிப்பெண்ணில் ஏறிக்கொண்டால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. அதனால் முதலில் தற்கட்டுப்பாட்டை அளந்து, சில மாதங்கள் கழித்துப் பாதிப்பைக் கேட்பதே சரியான முறை.

‘விக்டிம்’ என்ற ஆங்கிலச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்குப் பலியிடும் விலங்கு என்று பொருள். தமிழில் ‘பலியானவர்’ என்றால் இறந்தவர் என்றாகிவிடும் என்பதால் பாதிக்கப்பட்டவர் என்பதே தகும். மேலே சொன்ன ‘வாய்ப்பு’ என்பதும் பலரைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. தனி ஒருவரின் வழக்கில் அதை நீட்டி, ‘இவரே வரவழைத்துக்கொண்டார்’ என்று எழுதுவது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. தாக்கத் தீர்மானித்தவர் தாக்கியவரே. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் பாதிக்கப்பட்டவர் எங்கும் போகவே வேண்டியதில்லை.

‘லோ செல்ஃப் கண்ட்ரோல்’ என்பதை ‘குறைந்த தற்கட்டுப்பாடு’ என்றே எழுதலாம். ‘ஒழுக்கக்கேடு’, ‘கட்டுப்பாடற்றவர்’ என்று பெயர்த்தால் அளவைச் சொல்லும் சொல் வசவாக மாறிவிடும்.