‘கார்ட்டூன்தானே, இதுக்குப் போயா அழறே?’

கோடை விடுமுறை முடியும்போதும் அரையாண்டு லீவு முடியும்போதும் குழந்தை மனநல ஆலோசனைக்கு வருகிற பெற்றோர் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான். மிருகங்கள் வரும் கார்ட்டூன் படம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம், அன்றிலிருந்து பிள்ளை ராத்திரியில் எழுந்து எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறது என்பார்கள். சொல்லிவிட்டு ஃபோனை நீட்டுவார்கள். அதில் ஒரு வீடியோ. நாலு வயதுப் பிள்ளை டிவி முன்னால் விம்மி விம்மி அழுகிறது. பின்னால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் அதற்கு வந்த பதில்களும் சிரிப்புதான்.

அந்த வீடியோவை முதலில் அழியுங்கள். குழுவிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் துக்கத்தில் அழும்போது இப்படி ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்போமா? நாலு வயதுப் பிள்ளைக்கு அது துக்கம்தான். அதே சமயம், தன் துக்கத்தைப் பார்த்து வீடே சிரிக்கிறது என்பதையும் அது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அழுகையை மறைக்கும். மறைக்கப் பழகிய பிள்ளையிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க எங்களுக்கு நாலைந்து அமர்வுகள் ஆகும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு தவறான எண்ணம். நிஜமில்லை என்று தெரிந்தால் அழுகை வராது, ஆகவே அழுகிறவருக்கு விவரம் போதவில்லை என்று நினைக்கிறோம். படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கூத்தில் கர்ணன் விழுந்து கிடக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிற பாட்டிக்கு, வேடம் கட்டியிருப்பவர் பக்கத்துத் தெருக்காரர் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். விடிந்ததும் அவருக்கே டீ வாங்கிக் கொடுப்பார். ஒன்று நிஜமா பொய்யா என்று தீர்மானிப்பதும், அதைப் பார்த்து மனம் இளகுவதும் மூளைக்கு வெவ்வேறு வேலைகள். இரண்டாவது வேலை முதலாவதன் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால், ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் ‘அது பொய்டா’ என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? குழந்தைகளும் ஊடகப் பயமும் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோவான் கேன்டர். சின்னக் குழந்தைகளைச் சொல்லிப் புரியவைத்துத் தேற்ற முடியாது என்பதுதான் அவர் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது. மடி, தண்ணீர், போர்வை, கட்டிக்கொள்ள ஒரு பொம்மை, திரையை அணைப்பது: இவைதான் அந்த வயதில் வேலை செய்யும். விளக்கம் எட்டு வயதுக்கு மேல்தான் உதவும்.

சரி, குறிப்பாக மிருகங்கள் வரும் கார்ட்டூன் படங்களுக்கு ஏன் இத்தனை கண்ணீர்? டிஸ்னி 1942இல் வெளியிட்ட ‘பேம்பி’ என்ற மான்குட்டிப் படத்தை எடுத்துக்கொள்வோம். வியன்னா எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்ட்டனின் நாவல் 1923இல் புத்தகமாக வந்தது, அதைத் தழுவிய 70 நிமிடப் படம். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் ஓர் உணர்ச்சியை நம்பகமாக வரவழைக்க எந்தப் படத்துண்டைக் காட்டலாம் என்ற பட்டியல் அது. 494 பேருக்குக் காட்டிச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். சோகத்துக்கென்று தேறிய இரண்டு துண்டுகளில் ஒன்று பேம்பியின் தாய் சாகும் காட்சி. பார்த்தவர்கள் யாரும் குழந்தைகள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் காட்சியில் என்ன இருக்கிறது? பனிக்காலத்தின் கடைசி. வெள்ளைத் தரையில் கொஞ்சம் புதுப்புல் துளிர்த்திருக்கிறது. தாயும் குட்டியும் மேய்கின்றன. தாய் சட்டென்று தலை நிமிர்கிறாள். ஓடச் சொல்கிறாள், திரும்பிப் பார்க்காதே என்கிறாள். துப்பாக்கிச் சத்தம். குட்டி புதருக்குள் வந்து சேர்ந்து, தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷமாகத் திரும்புகிறது. பின்னால் யாருமில்லை. பனி கொட்டத் தொடங்குகிறது. குட்டி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறது. வேடனைக் காட்டவில்லை. ரத்தம் இல்லை. தாயின் உடல்கூட இல்லை.

துப்பாக்கி வெடிக்கும்போது யாரும் அழுவதில்லை. அந்த நொடியில் இருப்பது பயம், உடம்பு விறைத்திருக்கும். கண்ணீர் அதற்குப் பிறகு வருகிறது, குட்டி கூப்பிடும்போது. அம்மா இல்லை என்று நமக்குத் தெரிந்துவிட்டது, அதற்கு இன்னும் தெரியவில்லை. போய்ச் சொல்லவும் முடியாது, தூக்கிக்கொள்ளவும் முடியாது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் மனித அழுகையை ஆராய்வதையே தன் வேலையாகக் கொண்ட ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ், பெரியவர்களின் கண்ணீருக்குப் பின்னால் மிக அதிகமாகக் காண்பவை பிரிவும் கையாலாகாமையும் என்கிறார். இந்தக் காட்சி இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பவர் மேல் இறக்கிவைக்கிறது.

1994இல் வந்த ‘லயன் கிங்’கில் தகப்பனின் உடலைக் காட்டுகிறார்கள். அங்கேயும் மலையிலிருந்து விழும்போது கண்ணீர் வருவதில்லை. குட்டி காதைப் பிடித்து இழுத்து எழுப்பிப் பார்த்து, எழாத தகப்பனின் முன்னங்காலுக்கு அடியில் தானே புகுந்து படுத்துக்கொள்ளும்போது வருகிறது. ‘டம்போ’வின் (1941) தாலாட்டுக் காட்சியில் சாவே இல்லை. சங்கிலியில் கட்டி அடைத்த தாய் யானை, கம்பிகளுக்கு வெளியே தும்பிக்கையை மட்டும் நீட்டிக் குட்டியைத் தடவுகிறாள். தொடுகை என்றால் குழந்தைக்கு என்ன என்று தெரிந்த எவருக்கும் இது போதும்.

அடுத்தது முகம். பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் கொஞ்சம் கீழிறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால். இந்த அளவுகள் சேர்ந்தால், எந்த இனத்துக் குட்டியாக இருந்தாலும் நம்மிடம் காக்கும் உணர்ச்சி கிளம்பும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதினார். நிஜ மான்குட்டிக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும், புருவம் கிடையாது, அழுகிற முகம் அதற்கு இல்லை. பேம்பிக்கு டிஸ்னி ஓவியர்கள் நிஜ மான்குட்டிகளை வரவழைத்து எலும்பும் தசையும் கற்றார்கள். அதன் மேல் மனிதக் குழந்தையின் முகபாவங்களைப் பொருத்தி வரைந்தவர் மார்க் டேவிஸ். உடல் மானுடையது, முகம் நம் வீட்டுப் பிள்ளையுடையது. 2019இல் லயன் கிங் கதையை அச்சு அசல் சிங்கங்கள் போலக் கணினியில் உருவாக்கி, தமிழிலும் பேசவைத்து வெளியிட்டபோது விமர்சகர்கள் பலர் சொன்ன குறை, முகங்களில் உணர்ச்சி தெரியவில்லை என்பதுதான். ‘பொம்மைதானே’ என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. வரைந்த முகமாக இருப்பதால்தான் அவ்வளவு அழுகை.

மிருகம் என்பதால் இன்னொன்றும் நடக்கிறது. மனிதப் பாத்திரம் துன்பப்பட்டால், இவன் என்ன செய்தான், நம் ஆளா, இப்படி வந்து மாட்டிக்கொள்ளலாமா என்று மனம் கணக்குப் பார்க்கும். மான்குட்டியிடம் பார்க்க அப்படி எந்தக் கணக்கும் இல்லை.

இப்போது இன்னொரு நம்பிக்கை: கார்ட்டூன் என்றால் குழந்தைக்குப் பாதுகாப்பு. 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்களில் அதிக வசூல் செய்த 45ஐயும், பெரியவர்களுக்கான 90 படங்களையும் ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரம் திரையில் சாகும் வாய்ப்பு குழந்தைப் படங்களில் சுமார் இரண்டரை மடங்கு அதிகம். தணிக்கைச் சான்றிதழை நம்பி விடுவதும் போதாது. 2023 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் யூஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, நல்லது. ஆனால் யூ என்று போட்டிருப்பதால் அம்மா சாக மாட்டாள் என்று அர்த்தமில்லை. முயல்களைப் பற்றிய ‘வாட்டர்ஷிப் டவுன்’ 1978இல் பிரிட்டனில் யூ சான்றிதழோடு வெளிவந்தது. பிஜி (பெற்றோர் வழிகாட்டல் தேவை) என்று மாற்ற அங்குள்ள தணிக்கை வாரியத்துக்கு 2022 வரை ஆனது. இடைப்பட்ட 44 வருடங்களில் எத்தனை பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கும்.

வயதுக்கு வருவோம். ஐந்து வயதுக்குக் கீழே சாவு என்பது திரும்பி வரக்கூடிய ஒன்று, ஊருக்குப் போய் வருவதைப் போல. செத்தது திரும்பாது, உடம்பின் எல்லா வேலையும் நின்றுவிடும், எல்லா உயிருக்கும் இது வரும் என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். பிடிபடத் தொடங்கும் அந்த வயதுதான் மிகவும் இளகிய வயது. மூன்று வயதில் சிரித்துக்கொண்டே பார்த்த படத்துக்கு ஆறு வயதில் உடைந்து அழுவது பின்னடைவு அல்ல, வளர்ச்சி. தயவுசெய்து அந்தப் பிள்ளையிடம் ‘சின்ன வயசுல நீ அழவே இல்லையே’ என்று கேட்காதீர்கள். ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்பதை எந்த வயதிலும் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியவை. படத்தை முதலில் நீங்கள் பாருங்கள், முழுதாக முடியாவிட்டால் கதைச் சுருக்கத்தையாவது படியுங்கள். சாவு எங்கே வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பேம்பியில் அது பாதிப் படம் தாண்டி, லயன் கிங்கில் முதல் பாதிக்குள். ஐந்து வயதுக்குக் கீழே இந்த வகைப் படங்கள் வேண்டாம், அவசரம் ஒன்றுமில்லை. அதற்கு மேல் என்றால், டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஆறேழு வயதுப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லலாம்: ‘இதுல மான்குட்டியோட அம்மா செத்துப்போயிடும். அப்புறம் குட்டி வளர்ந்து நல்லா இருக்கும்.’ கதை கெட்டுவிடும் என்று கவலைப்படாதீர்கள். முடிவு தெரிந்த கதையைத்தான் இந்த வயதுப் பிள்ளைகள் நூறு தடவை கேட்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடாதீர்கள். 2015இல் 60 பெரியவர்களுக்குச் சோகப் படம் காட்டிச் செய்த ஆய்வில், அழுதவர்களின் மனநிலை படம் முடிந்தவுடன் சரிந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடம் கழித்துத்தான் படத்துக்கு முந்தையதைவிட மேலே போனது. அழுதால் உடனே மனம் லேசாகும் என்பதும் ஆக ஒரு பாதி உண்மைதான். குழந்தைகளிடம் செய்த ஆய்வு அல்ல இது, இருந்தாலும் படம் முடிவதற்கும் படுப்பதற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். விளையாட்டு, குளியல், சாப்பாடு என்று நகரட்டும்.

பிள்ளையே நிறுத்தச் சொன்னால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்ற பேரமெல்லாம் வேண்டாம். ஆனால் நேரமாகிவிட்டது என்று நீங்களாகச் சாவுக் காட்சியோடு அணைத்துவிட்டுப் படுக்க அனுப்பாதீர்கள். தேறுதல் அதற்கு அடுத்த காட்சிகளில் இருக்கிறது. அது இல்லாமல் போனால் பனியில் நிற்கும் குட்டிதான் ராத்திரி முழுதும் பிள்ளையின் கண்ணில் நிற்கும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் மிச்சக் கதையை வாயால் சொல்லி முடியுங்கள்.

பிறகு அந்தக் கேள்வி வரும்: ‘அம்மா, நீயும் செத்துப்போயிடுவியா?’ பதறாதீர்கள். ‘சீ, அப்படியெல்லாம் பேசாதே’ என்று வாயைப் பொத்தாதீர்கள், ‘சாகவே மாட்டேன்’ என்று பொய்யும் சொல்லாதீர்கள். ‘அம்மா இப்ப நல்லா இருக்கேன். ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னுதான் நினைக்கிறேன். எனக்கு முடியாமப் போனாலும் அப்பா இருக்காங்க, பாட்டி இருக்காங்க, சித்தி இருக்காங்க, உன்னைப் பாத்துக்குவாங்க.’ பிள்ளை கேட்பது உங்கள் ஆயுளைப் பற்றியல்ல, தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பற்றி. ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள். ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்கும், பத்து தடவையும் அதே பதிலை அதே குரலில் சொல்லுங்கள். மானின் அம்மா தூங்கிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தூங்கப் பயப்படும் பிள்ளைகளில் சிலருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தொடக்கம். செத்துப்போச்சு, இனிமேல் மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது, திரும்பி வராது. கேட்கக் கடினமாக இருக்கும், பிள்ளைக்கு அதுதான் தெளிவு.

இரண்டு மூன்று நாள் உங்கள் பின்னாலேயே சுற்றுவது, பொம்மைகளை வைத்துச் சாவு விளையாட்டு விளையாடுவது எல்லாம் இயல்பு. தடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோய்த் திரும்ப வருவது, உங்களைக் குளியலறைக்குக்கூடத் தனியே விடாமலிருப்பது என்றால் அழைத்து வாருங்கள். தானும் செத்துப்போக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே வாருங்கள்.

பெரியவர்கள் அழுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளையாகப் பார்த்தபோது குட்டியின் இடத்தில் இருந்தீர்கள். இப்போது ஓடச் சொல்கிற தாயின் இடத்திலும் இருக்கிறீர்கள். கண்ணீர் கூடுதலாக வந்தால் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளை கேட்டால் ‘அம்மாவுக்கும் வருத்தமா இருக்கு’ என்று சொல்லுங்கள்.

வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இத்தகைய படத்தைப் பாடம் சொல்லும் நோக்கத்தோடு போடாதீர்கள். உறவினர் யாராவது நல்லெண்ணத்தில் யோசனை சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளை சில மாதம் கழித்துத் தானாகவே அந்தப் படத்தைக் கேட்பதும், ஒரே காட்சியை மறுபடி மறுபடி பார்ப்பதும் உண்டு. அப்போது ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். பேசினால் பேசுங்கள், பேசாவிட்டால் கிளற வேண்டாம்.