டெவில்ஸ் ஹோல் மீன்: சட்டம் எதைத் தடுக்கிறது, மீட்புத் திட்டம் என்ன செய்கிறது?

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஒரு பாறைப் பிளவு, அதற்குள் தண்ணீர். டெவில்ஸ் ஹோல் என்கிற இந்த இடத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் ஒன்று இதில் இருக்கிறது: டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ். நீளம் ஓர் அங்குலம்கூடத் தேறாது. பிளவு 100 மீட்டருக்கும் மேல் ஆழம். ஆனால் மீன்கள் பாசி மேய்வதும் முட்டையிடுவதும் மேலே ஓர் ஓரத்தில், சிறிய அறை அளவுள்ள பாறைத்திட்டின் மேல்தான்.

1967-லேயே இது அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. இப்போது காப்பது 1973-ஆம் ஆண்டின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் சட்டம். அதன்படி இந்த மீனைப் பிடிப்பதும் கொல்வதும் துன்புறுத்துவதும் குற்றம். 2016-இல் மூன்று பேர் வேலி தாண்டி உள்ளே போக, ஒருவர் தண்ணீரில் இறங்கினார். ஒரு மீன் செத்துக் கிடந்தது. அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்புறம், மத்திய அரசுத் துறைகள் எந்த வேலையைச் செய்தாலும், பணம் கொடுத்தாலும், அனுமதி வழங்கினாலும், அதனால் இந்த இனத்துக்கு ஆபத்து வராது என்று உறுதிசெய்தாக வேண்டும்.

சரி, யாரும் மீனைத் தொடவில்லை, பக்கத்தில் பம்பு போட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள் என்றால்? 1968-இல் அதுதான் நடந்தது. சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணை நிலத்தடி நீரை எடுக்கத் தொடங்கியதும் மட்டம் இறங்கி, பாறைத்திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1976-இல் தீர்ப்பு வந்தது. மீனைக் காப்பாற்றியது உயிரினச் சட்டம் அல்ல, தண்ணீர் உரிமை. 1952-இல் அதிபர் ட்ரூமன் இந்த இடத்தை டெத் வேலி தேசியச் சின்னம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதியோடு சேர்த்தபோதே, அதற்குத் தேவையான தண்ணீரும் ஒதுக்கப்பட்டுவிட்டது என்றது நீதிமன்றம். நீர்மட்டத்தை அளக்க அடையாளமாக, பாறைச் சுவரில் ஒரு செப்பு வாஷர் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு 2.7 அடிக்குக் கீழே போகக் கூடாது. என்னைக் கேட்டால், மொத்தப் பாதுகாப்பிலும் கறாரான விதி இதுதான்.

இனத்தை மீட்டெடுக்க அரசு எழுதும் மீட்புத் திட்டம் வேறு வகை. என்னென்ன வேலை, எந்த அளவை எட்டினால் பட்டியலிலிருந்து எடுக்கலாம், எவ்வளவு காலமும் செலவும் ஆகும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அது வழிகாட்டி மட்டுமே. அதைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மீன்களை ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், மூழ்காளர்கள் இறங்கி எண்ணுகிறார்கள். 2013-இல் 35 மீன்களே இருந்தன. அருகிலுள்ள ஆஷ் மெடோஸில் பாறைத்திட்டு உள்பட அதே அமைப்பில் ஒரு பெரிய தொட்டி கட்டி, மாற்று இருப்பாகவும் வளர்க்கிறார்கள்.

அதற்குத் தேவையும் வந்தது. 2024 வசந்தத்தில் 191 ஆக ஏறியிருந்த எண்ணிக்கை, நிலநடுக்கத்தால் தண்ணீரில் எழுந்த அலைகள் திட்டின் பாசியை அடித்துக்கொண்டு போனதில், 2025 தொடக்கத்தில் 38-க்குச் சரிந்தது. தொட்டி மீன்களில் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். இரையும் கூடுதலாகப் போட்டார்கள்.