நாத்தம் அடிக்குதுன்னு மனு போட்டா ஏன் ஒண்ணும் நடக்கறதில்ல?

கடலூர்ல என்விரான்மென்ட் கன்சல்டன்ட்டா இருக்கேன். கம்பெனிகளுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல கன்சென்ட், அதாவது ஆலை கட்டறதுக்கும் ஓட்டறதுக்குமான அனுமதி, வாங்கறதுக்கு ஃபைல் ரெடி பண்ணித் தர்றதுதான் பொழப்பு, அதாவது எனக்கு சம்பளம் வர்றது கம்பெனிக்காரங்ககிட்ட இருந்து, அதை முதல்லயே சொல்லிடறேன். இந்த வேலைல ஊர்க்காரங்க போடற மனுவும் நிறைய கண்ணுல படும். முக்காவாசி மனு ஒரே மாதிரிதான், "துர்நாற்றம் வீசுகிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும்", கீழ வரிசையா கையெழுத்து. வாரியத்தோட ஏஇ, உதவிப் பொறியாளர், ஒருநாள் பகல்ல வந்து பார்ப்பார், அன்னைக்குன்னு பார்த்து நாத்தம் இருக்காது, "ஆய்வின்போது துர்நாற்றம் உணரப்படவில்லை"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவார், மனு முடிஞ்சுது. காசு வாங்கிட்டான்யான்னு ஊர்ல பேசுவாங்க. எல்லா இடத்துலயும் அது பொய்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நான் பார்த்த வரைக்கும் நிறைய மனு விழறது வேற காரணத்தால.

அந்த ஆபீசுக்கு ஒரு கம்பெனி மேல கை வைக்கணும்னா பிடிமானமா ஒண்ணு வேணும், அது கன்சென்ட் ஆர்டர்ல இருக்கற கண்டிஷன். 1974 தண்ணீர் சட்டம், 1981 காற்றுச் சட்டம் ரெண்டுக்கும் கீழ ரெண்டு கட்டமா அனுமதி குடுப்பாங்க, கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஓட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஓட்டறதுக்கான ஆர்டரைக் கையில வாங்கிப் பாருங்க, என்ன பொருள் மாசத்துக்கு எத்தனை டன் செய்யலாம், கழிவுநீர் ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர், அது எந்த வழியா எங்க போகணும், பாய்லர்ல எதை எரிக்கலாம், சிம்னி எத்தனை மீட்டர்னு எல்லாமே போட்டிருக்கும். ஆத்துல விடற கழிவுநீருக்குப் பொது ஸ்டாண்டர்டே பிஓடி (கழிவை நுண்ணுயிர் சிதைக்கத் தேவைப்படற ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி (அதையே ரசாயனமா சிதைக்கத் தேவைப்படறது) 250, பிஎச் (அமில காரத் தன்மை) 5.5ல இருந்து 9க்குள்ள இருக்கணும். இதுல எது மீறினாலும் அது சட்டப்படி பிடிக்கக்கூடிய தப்பு. "நாத்தம்"னு மட்டும் எழுதினா, அதை அளக்க அவர் கையில மீட்டரும் இருக்காது, நோட்டீஸ்ல எழுதறதுக்கு ஒரு வரியும் இருக்காது.

பண்ருட்டி பக்கத்துல ஒரு முந்திரி யூனிட். பக்கத்துத் தெருவுல கண்ணெல்லாம் கரிக்குதுன்னு ரொம்ப நாளா சண்டை, மனு மேல மனு. அந்தத் தெரு அக்கா ஒருத்தங்க என்கிட்ட, "தம்பி, கலெக்டர் வரைக்கும் போயாச்சு, யாரும் கேக்க மாட்டேங்கறாங்க"ன்னாங்க. அவங்க எனக்கு கிளையன்ட் கிடையாது, அந்த யூனிட்டும் கிடையாது, அதனால தைரியமா சொன்னேன், அக்கா அந்த ஆர்டர்ல எரிபொருள்னு என்ன போட்டிருக்குன்னு பாருங்கன்னு. விறகுன்னு இருந்துச்சு. உள்ள எரிஞ்சுட்டு இருந்தது முந்திரி ஓடு. ஓட்டுல எண்ணெய் இருக்கு, எரிச்சா வர்ற புகை எப்படி இருக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அடுத்த மனுவுல புகைன்னு புலம்பாம, ஆர்டர்ல விறகு, எரிக்கறது ஓடு, காம்பவுண்டுக்குள்ள குவிச்சு வெச்சிருக்கற ஓட்டு மூட்டை போட்டோ இதோன்னு எழுதினாங்க. வந்த இன்ஜினியர் புகையை மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்ல, மூட்டையைப் பார்த்தாலே போதும். உங்க மேல ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் போச்சு.

கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் புகைக்கும் இதே வழிதான். கட்டடத்து உயரத்துக்கு மேல புகைக்குழாய் எவ்வளவு நீட்டிருக்கணும்னு கணக்கு இருக்கு, ஜெனரேட்டர் திறனைச் சொல்ற கேவிஏவோட ஸ்கொயர் ரூட்டை 0.2ஆல பெருக்கணும். 100 கேவிஏன்னா ரெண்டு மீட்டர். பக்கத்து மாடில நின்னு பார்த்தாலே தெரிஞ்சிடும்.

சரி, ஆர்டரை எப்படிப் பார்க்கறது? தண்ணீர் சட்டம் 25வது பிரிவு 6வது உட்பிரிவைப் படிங்க. குடுத்த கன்சென்ட், அதுல போட்ட கண்டிஷன் எல்லாத்தையும் வாரியம் ஒரு ரிஜிஸ்டர்ல வெச்சிருக்கணும், அந்த இடத்தால பாதிக்கப்பட்ட யார் வேணாலும் நியாயமான நேரத்துல வந்து பார்க்கலாம். 50 வருஷமா இருக்கற உரிமை இது, அதைக் கேட்டு மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் ஆபீஸ் படி ஏறினவங்க ரொம்பக் கம்மி. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்துல கேளுங்க. தரலைன்னா 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு, 30 நாள்ல பதில் வரணும்.

அடுத்தது சாம்பிள். வாய்க்கால்ல கருப்பா தண்ணி ஓடுது, ஒரு பெப்சி பாட்டில்ல பிடிச்சுக் கொண்டுபோய் ஆபீசர் டேபிள் மேல வைப்பாங்க. கோபம் நியாயம்தான், ஆனா கோர்ட்ல அதுக்கு மதிப்பில்ல. அதே தண்ணீர் சட்டம் 21வது பிரிவுப்படி சாம்பிள் எடுக்கப்போறோம்னு கம்பெனிக்காரனுக்கு அங்கயே நோட்டீஸ் குடுக்கணும், எடுத்த தண்ணியை அவன் கண் முன்னாடியே ரெண்டு பாட்டில்ல பிரிக்கணும், ரெண்டையும் சீல் வெச்சு ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும், ஒண்ணு லேபுக்குப் போகணும். அவன் வேணும்னே வராம இருந்தா ஆபீசரே சீல் வெச்சுக் கையெழுத்துப் போட்டுக்கலாம். நடுவுல ஒரு ஸ்டெப் விட்டாலும் அந்த லேப் ரிப்போர்ட் சாட்சியா நிக்காது, கம்பெனி வக்கீல் முதல்ல தேடறதே இந்த ஓட்டையைத்தான். அதனால உங்க பாட்டிலை விட உங்க டைரிக்கு மதிப்பு அதிகம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, காத்து எந்தப் பக்கம்னு எழுதுங்க. மதியத்துக்கு மேல கடல்காத்து உள்ள வரும், ராத்திரி விடியக்காலைல கரைல இருந்து கடலைப் பார்த்துத் திரும்பும், அதனால ஆலைக்குக் கிழக்க இருக்கற ஊருக்கு விடியக்காலை மூணு மணிக்கு மூச்சு முட்டறதும் பகல் பதினொரு மணிக்கு வர்ற ஆபீசருக்கு ஒண்ணுமே தெரியாததும் ரெண்டுமே உண்மையா இருக்கலாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுத்தி இருக்கற ஈச்சங்காடு, குடிகாடு ஆளுங்க 2000களோட ஆரம்பத்துலயே இப்படி நாத்தத்தைத் தேதி போட்டு எழுதி, பக்கெட்டுல காத்து பிடிச்சு டெஸ்டுக்கு அனுப்பினவங்க. 2009ல மத்திய வாரியம் போட்ட மாசு குறியீட்டுல கடலூருக்கு 77.45, 70க்கு மேல போனாலே கடுமையா கெட்டுப்போன இடம்னு கணக்கு, 2010 ஜனவரில புது ப்ராஜெக்ட்டுக்கே தடை வந்துச்சு. அப்புறம் ஆக்‌ஷன் பிளான் எழுதித் தடையை எடுத்தாச்சு. பிளான் பேப்பர்ல இருக்கு, 2025 மே மாசம் குடிகாட்டுல துணி ஆலையோட கழிவுநீர்த் தொட்டி உடைஞ்சு ராத்திரில வீட்டுக்குள்ள தண்ணி புகுந்ததும் இதே சிப்காட்லதான்.

மனு போட்டும் அசையலைன்னா தண்ணீர் சட்டத்துலயே 49வது பிரிவு இருக்கு. வாரியம்தான் கேஸ் போடணும்னு இல்ல, வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம், அந்த நோட்டீஸ் குடுத்தவர் கேட்டா சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டையும் வாரியம் தரணும். கோர்ட்டுக்குப் போறவங்க அபூர்வம், ஆனா இந்த நோட்டீஸ் வந்த ஃபைல் டேபிள்ல தூங்கறதில்ல, அதை நான் நிறைய பார்த்துட்டேன். இது தமிழ்நாட்டுப் பக்கம். ஆத்தைத் தாண்டி கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், பாகூர் போயிட்டா வேற ஆபீஸ், புதுச்சேரில மாநில வாரியமே கிடையாது, மத்திய வாரியத்தோட அதிகாரத்தை வாங்கி ஒரு கமிட்டி நடத்துது. 2024ல தண்ணீர் சட்டத்தைத் திருத்தினப்போ அது முதல்ல பொருந்தினது இமாச்சல், ராஜஸ்தான், கூடவே யூனியன் பிரதேசங்களுக்கு, அதனால அங்க நிறைய தப்புக்கு ஜெயில் போய் 10 ஆயிரத்துல இருந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு ஆயிடுச்சு. எல்லைல இருக்கறவங்க முதல்ல ஆலை எந்தப் பக்கம்னு பார்த்துட்டு மனு எழுதுங்க, தப்பான ஆபீசுக்குப் போன மனு அங்கயும் இங்கயும் அலையறதுலயே வருஷம் ஓடிடும்.

பெரிய ப்ராஜெக்ட்டுன்னா 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பாங்க. 30 நாள் முன்னாடி பேப்பர்ல அறிவிப்பு வரணும், கலெக்டரோ அவர் அனுப்பற அதிகாரியோ தலைமை. நம்ம ஆளுங்க மைக்ல நல்லா சத்தம் போட்டுட்டு சாப்பாட்டு நேரத்துல கிளம்பிடறாங்க. கடைசில, பேசினதோட சுருக்கத்தை அங்கயே தமிழ்ல படிச்சுக் காட்டணும், அதுக்கப்புறம்தான் கையெழுத்து. அதுவரைக்கும் உட்காருங்க, நீங்க சொன்னது விட்டுப்போயிருந்தா அந்த நிமிஷமே எழுந்து கேளுங்க, ஏன்னா அனுமதி குடுக்கறதை முடிவு பண்ற டெல்லிக்கோ சென்னைக்கோ கூட்டத்தோட பதிவாப் போறது அந்தக் காகிதமும் வீடியோவும்தான்.

இன்னும் ஒண்ணு பாக்கி. தண்ணீர் சட்டம் 33ஏ பிரிவுல ஆலையை மூடச் சொல்லி ஆர்டர் போட்டு கரண்ட்டைக் கட் பண்ணிடுவாங்க, ஊர் பட்டாசு வெடிக்கும், கொஞ்ச நாள்ல மறுபடி கரண்ட் வந்துடும், உடனே எல்லாரும் விலை போயிட்டாங்கன்னு முடிவு கட்டிடுவாங்க. பல தடவை அது முழு அனுமதி கிடையாது, கழிவுநீர் பிளான்ட்டைச் சரி பண்ணிட்டேன்னு கம்பெனி சொன்னதைச் சோதிக்கறதுக்காக இத்தனை நாளைக்கு மட்டும்னு கண்டிஷனோட குடுக்கற ஆர்டரா இருக்கும். கன்சென்ட்ல போட்ட கண்டிஷனை நாளைக்கு மாத்தவும் ரத்து பண்ணவும் 27வது பிரிவுல வாரியத்துக்கு அதிகாரம் இருக்கு. கம்பெனிக்குப் பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள அப்பீல் போவான், அவன் வக்கீல் தேதியை எண்ணிட்டே இருப்பார். நீங்களும் எண்ணணும்னா கரண்ட் வந்த அன்னைக்கே போய் அந்த ஆர்டர் காப்பியை எழுத்துல கேளுங்க, எத்தனை நாள், என்னென்ன முடிச்சிருக்கணும்னு அதுலயே இருக்கும், கெடு முடியற அன்னைக்கு உங்க அடுத்த மனு அந்த ஆபீஸ்ல இருக்கட்டும்.