ஸ்கேனர் வாங்கும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஏதாவது ஒரு கடையில் நின்று "வீட்டுக்கு ஒரு ஸ்கேனர் வேணும், விலை கம்மியா இருக்கணும்" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு ஆல்-இன்-ஒன் பிரிண்டர் உங்கள் முன்னால் வந்து உட்காரும். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். என்ன காகிதம், ஒரு நாளைக்கு எத்தனை பக்கம், யாருக்கு அனுப்ப என்று அவர் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை.

ஆபீஸ் மெஷின்களைப் பழுது பார்ப்பதும், சின்ன ஆபீஸ்களுக்கு எது தோது என்று சொல்வதும் என் தொழில். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் வீட்டின் முன் அறையையே ஆபீசாக வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர்: ஆடிட்டர்கள், எல்ஐசி ஏஜென்ட்கள், வீட்டிலிருந்தே பில்லிங் வேலை பார்ப்பவர்கள். இவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் வாங்கி முடித்த பிறகு. "மெஷின் சரியில்ல சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். அவர்கள் வேலைக்கு அது ஒத்து வராது, அவ்வளவுதான். அதனால் விலைப் பட்டியலை எடுக்கும் முன் பீரோவைத் திறந்து, உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் நீளம். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ஸ்கேனர்களில் கண்ணாடி ஏறக்குறைய ஏ4 அளவுதான், அதாவது 297 மில்லிமீட்டர் நீளம். லீகல் அளவுத் தாள் 356 மில்லிமீட்டர். ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். பழைய கிரயப் பத்திரத்தில் அந்த 6 சென்டிமீட்டரில்தான் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். 2024 கடைசியில் பெங்களூரில் சொத்துப் பதிவுக்கு இ-காத்தா (மாநகராட்சியின் டிஜிட்டல் சொத்துப் பதிவு) கட்டாயம் என்று வந்தபோது, எண்பதுகளில் வாங்கிய மனைக்கான பத்திரத்தை வைத்துக்கொண்டு அல்லாடியவர்கள் பலர். புது ஸ்கேனர் மேசையில் இருக்கிறது, பத்திரம் அதில் அடங்கவில்லை. பாதி பாதியாக எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலே தட்டு வைத்து, தாளைத் தானாக இழுக்கும் ஏடிஎஃப் இருந்தால் லீகல் தாள் பெரும்பாலும் போகும். ஆனால் தைத்த பத்திரம், மடிப்பில் கிழியத் தொடங்கிய முத்திரைத் தாள் இவற்றை ஏடிஎஃப்பில் விடவே கூடாது. உள்ளே ரோலர் பிடித்து இழுக்கிற வேகத்தில் மடிப்போடு பிய்ந்து வரும். அதை நான் வெளியே எடுத்துக் கொடுக்கலாம், ஒட்டித் தர முடியாது. ஆயுளில் ஓரிரு முறை ஸ்கேன் செய்யப்போகும் பத்திரத்துக்காகப் பெரிய மெஷின் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஏ3 கண்ணாடி உள்ள ஜெராக்ஸ் கடையில் எதிரே நின்று எடுத்துக்கொண்டு வாருங்கள். உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளுக்கு வந்துவிட்டது. புதுக் காகிதங்களில் இந்தத் தொல்லை குறைந்துகொண்டே போகும்.

அடுத்து எண்ணிக்கை. மாதத்துக்குப் பத்து, இருபது பக்கம் என்றால் தட்டைக் கண்ணாடி ஸ்கேனர் போதும். கேனான் லைடு 300, லைடு 400, எப்சன் வி39 வகையறா. கரண்ட் பிளக் கூட வேண்டாம், கம்ப்யூட்டரிலிருந்து வரும் யுஎஸ்பி வயரிலேயே ஓடும். புத்தக அலமாரியில் நிறுத்தி வைக்கலாம். மை கிடையாது, ரோலர் கிடையாது, கெடுவதற்கு உள்ளே அதிகம் ஒன்றும் கிடையாது. வீட்டு ஆபீசுக்கு யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான், எனக்கு சர்வீஸ் வருமானம் வராத வகை என்றாலும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒல்லியான இந்த ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் காகிதத்தை நன்றாகப் படிக்கும். அரை சென்டிமீட்டர் தூக்கி நின்றாலே மங்கிவிடும். தடித்த ரசீதுப் புத்தகம், பைண்டு செய்த கணக்கு லெட்ஜர் என்றால் நடு மடிப்பில் எழுத்து கரைந்து போகும். கொஞ்சம் கனமான பழைய பாணி சிசிடி ஸ்கேனர்கள் அந்த மடிப்பையும் ஓரளவு பிடிக்கும். இன்று கடைகளில் அவை குறைவு, விலையும் கூடுதல்.

ஆடிட்டர் வீடு வேறு கதை. ஜூலை வந்தால் கட்டுக்கட்டாக பேங்க் ஸ்டேட்மென்ட், பில், இரண்டு பக்கமும் அச்சடித்த ஒப்பந்தங்கள். இங்கே ஏடிஎஃப் இல்லாமல் முடியாது. இங்கேதான் பெட்டியில் எழுதியிருப்பதைச் சரியாகப் படிக்க வேண்டும். 'டூப்ளெக்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். பெரும்பாலும் அது இரண்டு பக்கமும் அச்சடிப்பதற்கு, இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்வதற்கு அல்ல. ஹெச்பி லேசர் மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் எஃப் என்றால் ஃபேக்ஸ், டி என்றால் இருபக்க அச்சு, என் என்றால் நெட்வொர்க் வயர், டபிள்யூ என்றால் வைஃபை. ஸ்கேனுக்கு இதில் எழுத்தே இல்லை பாருங்கள். 'ஏடிஎஃப் இருபக்க ஸ்கேன் செய்யுமா? ஒரே ஓட்டத்தில் செய்யுமா, தாளைத் திருப்பிப் போட்டு இழுக்குமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். திருப்பி இழுக்கும் வகையில் நேரம் கூடும், ஜாமும் கூடும்.

ஏடிஎஃப் வாங்கினால் ரோலரும் பேடும் தேயும் என்பதையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். இரண்டு தாள் சேர்ந்து போவது, "பேப்பர் இழுக்க மாட்டேங்குது" என்பது, எல்லாம் இந்த ரப்பர் வழுவழுப்பானதன் வேலை. அந்த மாடலுக்கு ரோலர் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள். இன்னொரு புகார், ஸ்கேனில் மேலிருந்து கீழ் வரை நேராக ஒரு கறுப்புக் கோடு. போர்டு போய்விட்டது என்று பயந்து போன் செய்வார்கள். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு ஒல்லிக் கண்ணாடி இருக்கும். ஏடிஎஃப்பில் போகும் தாள் அதன் மேல்தான் நகர்கிறது. அதில் ஒட்டிய ஒயிட்னர் துளியோ பசையோதான் கோடாக விழுகிறது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். இதற்காக விசிட் சார்ஜ் வாங்க எனக்கே சங்கடம்.

டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற எண்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 4800 என்று போட்டிருப்பது ஃபோட்டோ ஆசைக்கு. எழுத்துக் காகிதத்துக்கு 300 போதும்; தமிழோ கன்னடமோ ஸ்கேனிலிருந்து எழுத்தாக மாற்றும் ஓசிஆர் வேலைக்கும் 300தான் வழக்கமான அளவு. ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் கலரில் எடுத்தால் சுருக்குவதற்கு முன் 26 எம்பி வரும், 600-இல் அதுபோல் நான்கு மடங்கு. அப்புறம் அரசுத் தளம் 'ஃபைல் பெரிது' என்று திருப்பி அனுப்பும். கறுப்பு வெள்ளைக் காகிதத்தை கிரேஸ்கேலில் எடுங்கள், கலரின் மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

"ஃபோன் இருக்கும்போது ஸ்கேனர் எதுக்குண்ணா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு: அவசரத்துக்கு ஃபோன் நல்லதுதான். ஆனால் எந்த ஆப் என்று பாருங்கள். எல்லார் கையிலும் இருந்த கேம்ஸ்கேனரை 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் ஒன்றாகச் சேர்த்தது. கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. நான் ஃபோனை ஒத்துக்கொள்ளாத இடம் வாடிக்கையாளரின் காகிதம். அவர்களுடைய பான் கார்டும் சம்பளச் சீட்டும் உங்கள் குழந்தையின் பிறந்தநாள் படங்களோடு ஒரே கேலரியில் கிடந்து, தானாகக் கிளவுடில் ஏறுவது தொழிலுக்கு அழகல்ல.

ஜெராக்ஸ் கடையிலும் இதே கவலைதான். வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம், அது அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் மாதக்கணக்கில் கிடக்கிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அறிவிப்பு போனாலும், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் ஆணையத்தின் தளத்தில் இன்றும் கிடைக்கிறது. நகல் கேட்கும் இடங்களில் அது போதுமென்றால் அதையே கொடுங்கள். நம் காகிதம் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கிடக்காமல் இருப்பதைத்தான் வீட்டில் ஒரு ஸ்கேனர் இருப்பதன் பெரிய லாபமாக நான் நினைக்கிறேன்.

இனி ஃபேக்ஸ். இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது.

இந்தக் காலத்தில் யார் ஃபேக்ஸ் அனுப்புகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்க மருத்துவமனைகளும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்களும் இன்னும் ஃபேக்ஸில் புழங்குகின்றன. ஜப்பானிலும் அது முழுதாகப் போகவில்லை. மெடிக்கல் பில்லிங் செய்யும் பெங்களூருக்காரர்களுக்கு இது தினசரி சமாசாரம். நம் நாட்டிலேயே 2018 நவம்பரில் ஜம்மு காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரிய கடிதம் ஆளுநர் மாளிகை ஃபேக்ஸில் போய்ச் சேரவில்லை என்று பெரிய ரகளை நடந்து, அன்றே சட்டமன்றம் கலைக்கப்பட்டது.

ஃபேக்ஸ் மெஷின் காகிதத்தைச் சத்தமாக மாற்றி டெலிபோன் வயரில் அனுப்புகிறது. 1980-இல் வகுத்த குரூப் 3 தரம்தான் இன்றும் அடித்தளம். அது பிறந்தது செம்பு வயர் லைனுக்கு. பெங்களூரு வீடுகளில் இப்போது அந்த வயர் எங்கே? ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் பெட்டியின் பின்னால் ஃபோன் சொருக ஒரு துளை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதில் வருவது இன்டர்நெட் வழியாகத் துண்டு துண்டாகப் போகும் குரல். மனிதப் பேச்சைச் சுருக்கி அனுப்பும் முறைகள் ஃபேக்ஸின் சத்தத்தைச் சிதைத்துவிடும். பேச்சில் ஒரு துளி விழுந்தால் நம் காது நிரப்பிக்கொள்ளும். ஃபேக்ஸுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. முதல் பக்கம் போகும், இரண்டாம் பக்கத்தில் லைன் அறுந்து 'கம்யூனிகேஷன் எரர்' என்று நிற்கும். மெஷின் மேல் பழி விழும்.

இந்தச் சிக்கலுக்கென்றே, ஃபேக்ஸை இன்டர்நெட் வழியாகச் சிதையாமல் அனுப்ப டி.38 என்ற முறையை 1998-இல் கொண்டு வந்தார்கள். உங்கள் இணைப்பில் அது இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். கஸ்டமர் கேரில் முதலில் எடுப்பவருக்குத் தெரியாது, டெக்னிக்கல் ஆளிடம் போங்கள். இல்லையென்றால் மெஷினின் செட்டிங்கில் வேகத்தை 9600-க்குக் குறைத்து, இசிஎம் என்ற பிழைதிருத்தத்தை அணைத்துப் பார்க்கலாம். சில இணைப்புகளில் இது வேலை செய்யும். அதை நம்பி மெஷின் வாங்க மட்டும் சொல்ல மாட்டேன்.

கம்மனஹள்ளியில் வீட்டிலிருந்து பில்லிங் பார்க்கும் ஒரு அக்கா, ஃபேக்ஸ் உள்ள மெஷின் எது என்று கேட்டார். "லேண்ட்லைன் இருக்காக்கா?" என்றேன். "வைஃபை இருக்கே" என்றார். அவர் கம்பெனியிலேயே ஆன்லைன் ஃபேக்ஸ் சேவை எடுத்திருந்தார்கள், அவருக்கு ஒரு லாகின் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். பிடிஎஃப்பை ஏற்றினால் அந்தப் பக்கம் ஃபேக்ஸாக விழும். அவருக்குத் தேவைப்பட்டது தட்டை ஸ்கேனர் மட்டும். இலவச ஆன்லைன் ஃபேக்ஸ் தளங்களை நோயாளிகளின் காகிதத்துக்குத் தொடாதீர்கள். யார் சர்வரில் எவ்வளவு நாள் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. எதில் அனுப்பினாலும் 'ஃபைன்' முறையில் அனுப்புங்கள். சாதாரண முறையில் மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு 98 கோடுதான், பொடி எழுத்து படிக்க வராது.

வீட்டில் உண்மையாகவே செம்பு லைன் இருந்து, வாரம் இரண்டு ஃபேக்ஸாவது அனுப்ப வேண்டியிருந்தால் ஃபேக்ஸ் உள்ள ஆல்-இன்-ஒன் வாங்கலாம். எப்சன் எல்5290-இல் ஏடிஎஃப்பும் ஃபேக்ஸும் உண்டு, எல்3250-இல் இரண்டும் கிடையாது. பிரதர் மெஷின்களில் எம்எஃப்சி என்று தொடங்கினால் பொதுவாக ஃபேக்ஸ் இருக்கும், டிசிபி என்றால் இருக்காது. பிரிண்ட் அபூர்வமாகத்தான் எடுப்பீர்கள் என்றால் மை டேங்க் வேண்டாம், லேசர் பாருங்கள். வாரக்கணக்கில் ஓடாத மை முனையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மை தீர்ந்தால் ஸ்கேன் செய்யவும் மறுக்கும் மெஷின்களும் உண்டு, கடையிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

பழைய மெஷின் மலிவாக வருகிறது என்றால் இரண்டு விஷயம். ஒன்று டிரைவர், அதாவது மெஷினைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர். பத்து வருஷ ஸ்கேனர் பளபளவென்று இருக்கும், உங்கள் விண்டோஸ் 11 அதைக் கண்டுகொள்ளாது. உங்கள் லேப்டாப்பையே எடுத்துப்போய்க் கடையில் மாட்டிப் பாருங்கள். இன்னொன்று, கார்பன் ஃபிலிம் சுருள் போட்டு சாதாத் தாளில் அச்சடிக்கும் பழைய ஃபேக்ஸ் மெஷின்கள். ஓடி முடிந்த சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் அதில் அச்சான ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கலாம். உங்கள் பழைய ஃபேக்ஸை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது சுருளை உருவிக் கத்தரித்துப் போட்டுவிட்டு, மெமரியில் இருக்கும் நம்பர்களையும் வைஃபை பாஸ்வேர்டையும் ஃபேக்டரி ரீசெட் கொடுத்து அழித்த பிறகு கொடுங்கள்.