வீக்கம் வடிவதற்கு முன்னால் வாருங்கள்

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். மகன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளும் மணிக்கட்டும் வீங்கிவிட்டன. காலையில் புடவைக் கொசுவத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பக்கத்துத் தெருவில் ஓர் ஊசி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று சமாளித்து, கல்யாணம், மறுவீடு எல்லாம் முடித்து, வீக்கம் முழுக்க வடிந்த பிறகு வாத நோய் மருத்துவரான என்னிடம் வந்தார். "இப்ப நல்லாத்தான் இருக்கு டாக்டர், ஒரு தடவை காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பின் ஓரங்கள் அரித்திருந்தன. மூன்று வாரத்தில் வருகிற அரிப்பு இல்லை அது. விசாரித்தால், இரண்டு வருடமாகவே இப்படி அவ்வப்போது வீங்கி அடங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதே ஊசி, இதே மாத்திரை. அரித்த எலும்பை என்னால் திருப்பித் தர முடியாது. இனி அரிக்காமல் பார்த்துக்கொள்ள முடியும், அவ்வளவுதான்.

"வலி அடங்கட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காய்ச்சல் அடிக்கும்போது டாக்டரிடம் ஓடுகிறோம், காய்ச்சல் விட்ட பிறகு யாரும் போவதில்லை. மூட்டு வாதத்துக்கு மட்டும் ஏன் இப்படி? காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. கணுக்கால் வீங்கிய ஆளால் பஸ் படி ஏற முடியாது. காரைக்குடியிலிருந்து மதுரை போனாலும் திருச்சி போனாலும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அந்தக் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடங்கிய பிறகு வந்தால், முக்கியமான முடிவு ஒன்றையும் என்னால் எடுக்க முடிவதில்லை.

சரவாங்கி என்று பெரியவர்கள் சொல்லும் முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.), வீங்கியிருக்கும் நேரம்தான் நோயைக் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் நேரம். 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, எத்தனை வீங்கியிருக்கின்றன, எத்தனை வலிக்கின்றன என்று எண்ணுகிறோம். அந்தக் கணக்கோடு, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா, இன்னொன்றைச் சேர்ப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்கிறோம். சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்போம். அதில் யூரிக் அமில உப்பு தெரிந்தால் அது கௌட் என்ற வேறு மூட்டு நோய், வைத்தியமே வேறு. வீக்கம் வடிந்துவிட்டால் எடுக்க நீர் இருக்காது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வந்தால் சி.ஆர்.பி.யும் இறங்கியிருக்கும். "எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வந்துருக்கு" என்று சந்தோஷமாக நீட்டுவார்கள். அந்த ரிப்போர்ட் அந்த ஊசியைப் பற்றிச் சொல்கிறது, நோயைப் பற்றி இல்லை.

வலி போனால் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும். மூட்டின் உள்சவ்வில் நடக்கும் அழற்சி நடந்துகொண்டேதான் இருக்கும், குருத்தெலும்பும் எலும்பும் அரிபட்டுக்கொண்டேதான் இருக்கும். வலி இல்லாததால் அந்தக் கையாலேயே உலக்கை பிடிப்பீர்கள், அண்டா தூக்குவீர்கள். பல பேருக்கு மூட்டுச் சேதம் நோய் தொடங்கிய முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. முதல் சில மாதங்களிலேயே சரியான மருந்து தொடங்கியவர்களுக்கும், வருடக்கணக்கில் ஊசியால் ஓட்டியவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் விரல்களிலேயே தெரியும். இதை ஒரே குடும்பத்தில் அக்காவிடமும் தங்கையிடமும் பார்த்திருக்கிறேன்.

(ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ், அதனால் வாதம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது நெகட்டிவ்தான்.)

எப்போது சந்தேகப்பட வேண்டும்? காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்திருந்து, வேலை செய்யச் செய்ய இளகினால். இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருந்தால். வயதாகி முழங்கால் தேய்ந்த வலி இதற்கு நேர்மாறு, நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். முப்பது, நாற்பது வயதுப் பெண்கள் இதைக் கவனியுங்கள். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வாதம் மறுபடி கிளம்பும்போது நடப்பது இன்னும் மோசம். "மாத்திரை கேட்கலை" என்று அவர்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். முடக்குவாதத்தை அடக்கக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை முழுப் பலன் தர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அதற்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வேறு சிலர் சீக்கிரம் குணமாகட்டும் என்று அதைத் தினமும் போடுகிறார்கள். தயவுசெய்து, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அது வாரத்துக்கு ஒரே நாள் மருந்து. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். கூடக் கொடுக்கும் ஃபோலிக் அமிலமும் அதைப் போலவே பெரும்பாலும் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைதான், வயதானவர்களுக்கு மாறிப்போகிறது. அட்டையில் கிழமையைப் பெரிதாக எழுதி வையுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த மருந்தை மாற்ற வேண்டும்.

ஸ்டீராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்களும் அதைக் கொடுக்கிறோம், குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை. நான் எதிர்ப்பது கணக்கில்லாமல் எடுப்பதை. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் யாரோ கொடுத்த சூரணம் இரண்டே நாளில் ஆளை எழுப்பி நடக்க வைக்கிறது, முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவரைச் சொல்லவில்லை, என்ன கொடுக்கிறோம் என்று எழுதித் தராதவரைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று அது ஆபத்தில் போய் முடியும்.

தைப்பூசம் நெருங்கும்போதும் இதே கதைதான். குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடக்க வேண்டும் என்று வீங்கிய காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். வேண்டுதலை நான் தடுக்கவில்லை. ஒரு மாதம் முன்னால் வந்து சொல்லுங்கள், மருந்தைச் சரிசெய்து நடக்க முடியுமா என்று சேர்ந்து பார்க்கலாம்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாக, காய்ச்சலோடு வீங்கினால் மட்டும் என் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அது மூட்டில் சீழ் பிடித்ததாக இருக்கலாம், சில நாட்களிலேயே மூட்டைக் கெடுத்துவிடும். வாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம், "வழக்கமான வாதம்தான்" என்று இருந்துவிடாதீர்கள்.

மற்றபடி வாதம் கிளம்பினால் முதலில் போன் செய்து "இப்போது வீங்கியிருக்கிறது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு முன்னதாக நேரம் ஒதுக்க எங்கள் முன்மேசையில் சொல்லி வைத்திருக்கிறேன், பெரும்பாலான வாத நோய் மருத்துவர்களும் ஒதுக்குவார்கள். நேரம் கிடைக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்றால், காலையில் எழுந்தவுடன் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். விறைப்பு எத்தனை மணிக்கு விட்டது என்று எழுதுங்கள். சாப்பிடுகிற எல்லா மருந்தையும், சூரணம் உட்பட, பையோடு கொண்டு வாருங்கள். நான் திட்ட மாட்டேன், மறைத்தால்தான் சிக்கல்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு: ஊருக்கு வருகிறவர்களிடம் ஆத்தாவுக்கு வலி மாத்திரை டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்பாதீர்கள். வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கோளாறுமாக வந்து நிற்பவர்களில் அந்த டப்பாக்காரர்கள் நிறைய. வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்க்காமல் கையைக் காட்டச் சொல்லுங்கள், விரல்களை மடக்கச் சொல்லுங்கள். மடங்கவில்லை என்றால் அந்த வாரமே ஒரு காருக்கும், கூட வர ஓர் ஆளுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.