நான்கு பேர் சுமக்கும் ஒரே களைப்பு: பல நாள் சாகசப் பந்தயத்தின் அறிவியல்

பல நாள் நீளும் சாகசப் பந்தயங்களுக்கு விதிகள் ஏராளம். ஆனால் ஒரே ஒரு விதிதான் மற்ற அத்தனையையும் ஆட்டிவைக்கிறது: நான்கு பேராகக் கிளம்பினால் நான்கு பேராகவே முடிக்க வேண்டும். ஒருவருக்குக் கணுக்கால் பிசகி வழியில் நின்றுவிட்டால், மீதி மூவர் எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து சேர்ந்தாலும் தரவரிசையில் அந்த அணி இருக்காது. வழியில் பிரிந்து போகவும் முடியாது. குரல் எட்டும் தூரத்துக்குள் நால்வரும் சேர்ந்தே நகர வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்த அணியாக இருக்க வேண்டும் என்பது சாகசப் பந்தய உலகத் தொடரின் (Adventure Racing World Series) நிபந்தனை.

மாரத்தானில் ஓர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறோம். இங்கே பார்க்க வேண்டியது, நான்கு உடம்புகளுக்கு நடுவே களைப்பை எப்படிப் பங்குபோடுகிறார்கள் என்பதை. ஜெயிக்கும் அணிகளிடம் அசாத்திய வேகம் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வேகம் இருக்கிறதுதான். ஆனால் அவர்களைத் தனித்துக் காட்டுவது இந்தப் பங்கீடு.

முதலில் பந்தயம் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூரம் பல நூறு கிலோமீட்டர். காட்டுக்குள் நடை, மலைச் சைக்கிள், கயாக், கயிற்றில் பாறை இறங்குவது எல்லாம் மாறி மாறி வரும். கடிகாரம் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் முடிவுவரை நிற்காது. எப்போது தூங்குவது, எவ்வளவு தூங்குவது என்பது பெரும்பாலும் அணியின் முடிவு. குறியிட்ட பாதை கிடையாது. தொட்டுச் செல்ல வேண்டிய இடங்கள், அதாவது செக்பாயிண்டுகள், மட்டும் வரைபடத்தில் இருக்கும். அவற்றுக்கு இடையே எப்படிப் போவது என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கைபேசியும் ஜிபிஎஸ்ஸும் பயன்படுத்தக் கூடாது. அணியிடம் இருக்கும் செயற்கைக்கோள் கருவி, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அமைப்பாளர்களுக்குச் சொல்லுமே தவிர, அவர்களுக்கு வழி சொல்லாது.

1989-இல் நியூசிலாந்தில் நடந்த ரெய்ட் கோல்வாஸ் போட்டியைத்தான் இந்த வடிவத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஜெரார் ஃபுசில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் அதை உருவாக்கினார். 1995-இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஈகோ-சேலஞ்ச் என்ற போட்டி தொடங்கியது, 2001-இல் உலகத் தொடர் வந்தது. 2019-இல் ஈகோ-சேலஞ்ச் ஃபிஜிக்குப் போனபோது 66 அணிகள் 671 கிலோமீட்டருக்குக் கிளம்பின. நியூசிலாந்து அணி வென்றது. காடு, மலை, ஆறு, கடல் எல்லாம் ஒரு நாள் தூரத்துக்குள் இருக்கும் நாடு அது. இந்த விளையாட்டில் அந்த நாட்டுக்காரர்கள் இவ்வளவு காலம் முன்னணியில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, உடம்புக்கு வருவோம். ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை நேரடியாக அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் 24 மணி நேரம் தொடர்ந்து உழைத்தபோது ஒருவர் செலவழித்த ஆற்றல் சராசரியாகச் சுமார் 18,000 கலோரி, அதாவது மணிக்கு 750 கலோரி. அதில் பாதிக்குமேல் சாப்பாட்டால் ஈடுகட்டப்படவே இல்லை. ஆறு நாளுக்கு மேல் நீண்ட உலகச் சாம்பியன் போட்டியில் மொத்தச் செலவு சுமார் 80,000 கலோரி. ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் அது 500-க்கு இறங்கியிருந்தது. உடம்பின் உச்சத் திறனில் நாற்பது சதவீதத்தைக்கூட எட்டாத வேகம்.

இந்த நாற்பது சதவீதம் தற்செயலாக வருவதில்லை. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரை ஏறத்தாழ 2,000 கலோரிக்குத்தான் வரும். முதல் நாள் மதியத்துக்குள் காலி. ஓடிக்கொண்டே சாப்பிட்டால், நன்றாகப் பழக்கப்பட்ட குடலே மணிக்கு 90 கிராம் மாவுச்சத்தைத்தான் உறிஞ்சும். அது 360 கலோரி. மிச்சம் கொழுப்பிலிருந்து வர வேண்டும். ஒல்லியான ஒருவர் உடம்பிலும் கொழுப்பு பல பத்தாயிரம் கலோரிக்கு இருக்கிறது, அதனால் இருப்புக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை வேகத்தில். கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக் கூடத் தசை சர்க்கரையைக் கேட்கும். ஆகவே, கொழுப்பே பெரும்பகுதி வேலையைச் செய்யும் அளவுக்கு மெதுவாகவும், அந்த எல்லைக்குள் முடிந்தவரை வேகமாகவும் போக வேண்டும். பல நாள் பந்தயத்தின் நடைவேகத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

அதே ஸ்வீடன் குழு இன்னொன்றையும் கவனித்தது. ஒரே அளவு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி இதயத்துடிப்பை அளந்தார்கள். முதல் ஆறு மணி நேரத்தில் துடிப்பு ஏறியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்கப்புறம், 24 மணி நேரம் ஆவதற்குள், துடிப்பு மறுபடி இறங்கிவந்தது. உடம்பு கேட்கும் ஆக்ஸிஜன் அளவோ கூடுதலாகவே இருந்தது. அதாவது இரண்டாம் நாளில் இதயத்துடிப்பு மானியை நம்பி வேகத்தை முடிவுசெய்தால் தப்பாகப் போகும். அனுபவசாலிகள் மூச்சையும் பேச்சையும் பார்க்கிறார்கள்: முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, இல்லையா?

இப்போது பங்கீடு. அணியின் வேகம், அந்த நேரத்தில் மெதுவாகப் போகிறவரின் வேகம். இதை மாற்றவே முடியாது. ஆனால் அந்த 'மெதுவாகப் போகிறவர்' ஆறு நாளும் ஒரே ஆள் இல்லை. ஒருவருக்கு இரண்டாம் நாள் வயிறு கெடும். இன்னொருவருக்கு மூன்றாம் நாள் இரவு கண் சொக்கும். முன்னால் இழுத்துக்கொண்டு போனவருக்கு நான்காம் நாள் முழங்கால் வீங்கும். மூட்டையிலிருந்து கனமான சாமானை எடுத்து நன்றாக இருப்பவர் பைக்கு மாற்றுவது முதல் வழி. அதைவிடச் சுவாரசியமானது இழுவைக் கயிறு.

முன்னால் போகிறவரின் முதுகுப்பையில் மீள்தன்மையுள்ள ஒரு கயிறு கட்டியிருக்கும். மறுமுனை பின்னால் வருபவரின் இடுப்பிலோ பையிலோ மாட்டப்படும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பையோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர், நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் உயரும் சரிவில், மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறார். நிமிடத்துக்குப் பத்து மீட்டர் உயரம். அந்த எடையைத் தூக்க மட்டும் சுமார் 130 வாட் வேண்டும். கயிறு அவரை மூன்று கிலோ அளவு விசையில் இழுத்தால், அதே வேகத்தில் அது தரும் உதவி சுமார் 25 வாட். ஏறும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு! அந்த 25 வாட்டை முன்னால் போகிறவர் கூடுதலாகச் சுமக்கிறார். ஆனால் அவர் கொழுப்பு எரியும் எல்லைக்குள் வசதியாக இருக்கிறார். பின்னால் வருபவர் அந்த எல்லையைத் தாண்டி, இருக்கும் கொஞ்சம் சர்க்கரையையும் கரைத்துக்கொண்டிருந்தார். கயிறு மாட்டியதும் இருவருமே எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள்.

கயிறு ஏன் நெகிழ வேண்டும்? நடை சீரான இயக்கம் இல்லை. ஒவ்வொரு அடியிலும் உடம்பு முந்தும், தயங்கும். இருவரின் அடிகள் ஒத்துப்போவதும் அபூர்வம். நெகிழாத கயிறு ஒரு கணம் தொய்ந்து, மறுகணம் வெட்டி இழுக்கும், இருவருமே தடுமாறுவார்கள். நெகிழும் கயிறு அந்த வெட்டை உள்வாங்கிக்கொண்டு விசையைச் சீராக்குகிறது. சைக்கிளிலும் இதே உத்திதான். நாயைக் கூட்டிப்போகப் பயன்படும் தானாகச் சுருளும் பட்டையைச் சைக்கிளில் பொருத்திக்கொள்ளும் அணிகள் உண்டு.

கயிறு மாட்டச் சொல்லி முதலில் கேட்க வேண்டியவர் களைத்துப்போனவர்தான். அது பலருக்கு வராது. தன்மானம் தடுக்கும், சமாளித்துவிடலாம் என்று தோன்றும். அந்த அரைமணி நேரத் தயக்கத்தில் உடம்பு இறங்கும் பள்ளத்திலிருந்து ஏறிவர அரை நாள் ஆகலாம். அதனால்தான் நல்ல அணிகள் பந்தயத்துக்கு முன்பே இதைப் பேசிவைக்கின்றன: யாரும் கேட்காமலே கொக்கியை மாட்டிவிடலாம், மறுக்கக் கூடாது.

உணவையும் வலியையும் எப்படியாவது சமாளிக்கலாம். தூக்கம் அப்படி இல்லை. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது; அது சேரச் சேரத் தூக்க அழுத்தம் ஏறும். இதோடு உடம்பின் உள்கடிகாரம் தன் போக்கில் ஓடுகிறது. விடியலுக்கு முன், ஏறத்தாழ மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே, உடல் வெப்பநிலை அன்றைய அடிமட்டத்துக்குப் போகும். விழிப்பும் அதோடு கீழே இறங்கும். இரண்டும் ஒன்றுசேரும் அந்த நேரம்தான் பந்தயத்தின் மிக மோசமான நேரம். 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண் ஒருங்கிணைப்பு இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கும், 24 மணி நேரத்தில் 0.10 சதவீத அளவுக்கும் தடுமாறுவதைக் காட்டியது. இவர்களோ முதல் இரவை முழுசாக விழித்தே கடக்கிறார்கள். அப்புறம் வரும் இரவுகளில் தூக்கம் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம்.

மூன்றாம் இரவிலிருந்து கண் பொய் சொல்லும். விளக்கொளியில் படும் அடிமரம் உட்கார்ந்திருக்கும் ஆளாகும். பாறை மேல் முகம் தெரியும். பாதை ஓரத்தில் வீடு இருக்கும், கிட்டப் போனால் இருக்காது. அரைகுறைத் தகவலிலிருந்து உருவங்களை ஊகித்து நிரப்புவது மூளையின் அன்றாட வேலை. அந்த ஊகத்தைச் சரிபார்க்கும் பகுதிகள் தூக்கமின்றிச் சோர்ந்துவிட்டால் ஊகமே காட்சியாகிவிடுகிறது. இதை விட ஆபத்து நுண்தூக்கம்: சில விநாடிகள், கண் திறந்திருக்கும்போதே மூளை அணைந்துவிடும். மலைச் சரிவில் சைக்கிள் ஓட்டும்போது சில விநாடிகள் போதும்.

அதனால் தூக்கத்தை எங்கே வைப்பது என்பது வியூகத்தின் மையம். ஒரு தூக்கச் சுழற்சி சுமார் 90 நிமிடம். ஆழ்தூக்கம் அதன் முன்பகுதியில் வருகிறது. கடுமையாக விழித்திருந்தவருக்கு மூளை அதையே முதலில் அள்ளிக்கொடுக்கும். ஆகவே ஒன்றரை மணி நேரத் தூக்கம் அதன் நீளத்துக்கு மீறி வேலை செய்கிறது. ஆழ்தூக்கத்தின் நடுவில் எழுப்பினால், கால் மணி, அரை மணி நேரத்துக்கு எதுவும் ஓடாது. காலணிக் கயிற்றைக் கட்டுவதே பெரிய பாடு. எனவே ஒன்று முழுச் சுழற்சி, இல்லாவிட்டால் ஆழத்துக்குப் போகும் முன் எழுப்பும் இருபது நிமிடக் குட்டித் தூக்கம். காஃபின் அடினோசின் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆனால் வேலையைக் காட்ட அரைமணி ஆகும். அதைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் சாய்ந்தால், எழும்போது இரண்டும் கைகொடுக்கும்.

எல்லா மணி நேரமும் ஒரே மதிப்பு உடையது அல்ல. பாதுகாப்புக்காகப் பல ஆறுகளில் இரவில் துடுப்புப் போடத் தடை இருக்கும். அந்தத் தடை நேரத்தில் ஆற்றங்கரையில் சிக்கும்படி வந்து சேர்ந்தால், அங்கே தூங்குவதால் நேரம் எதுவும் நஷ்டமில்லை. தடை தொடங்கப் பத்து நிமிடம் முன்னால் தண்ணீரில் இறங்கிய அணியோ கொஞ்ச தூரத்திலேயே கரையேறி நிற்க வேண்டியிருக்கும். முந்தின நாளே இதைக் கணக்குப் போட்டுத் தன் தூக்கத்தை அங்கே வைத்த அணி, ஓடாமலே முன்னேறிவிடுகிறது.

வழி கண்டுபிடிப்பவரின் தலைதான் அணியிலேயே விலை உயர்ந்த பொருள். வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைக் கண்ணெதிரே இருக்கும் மலையோடு பொருத்திப் பார்ப்பதற்கு, தூக்கமின்மை முதலில் தின்னும் அதே திறன்கள் தேவை. திசையில் ஐந்து பாகை பிசகினால் இரண்டு கிலோமீட்டரில் 175 மீட்டர் விலகிவிடுவீர்கள். அடர்ந்த காட்டில் ஒரு செக்பாயிண்டைத் தவறவிட அது தாராளம். நியூசிலாந்தின் தென்தீவில் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் 20 பாகைக்கு மேல். அதைத் திருத்த மறந்தால் கதை முடிந்தது. களைத்த மூளைக்கென்றே ஓர் உத்தி இருக்கிறது. ஆற்றின் மேல் உள்ள பாலத்துக்குப் போக வேண்டும் என்றால் பாலத்தைக் குறிவைக்க மாட்டார்கள். வேண்டுமென்றே நன்றாக இடப்பக்கம் தள்ளிக் குறிவைப்பார்கள். ஆற்றைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பினால் பாலம். நேராகக் குறிவைத்துத் தவறியிருந்தால், எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாமல் நின்றிருக்க வேண்டும். இரண்டாவது ஆள் கூடவே வந்து, 'அடுத்து என்ன வர வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஓடை வர வேண்டும் என்றால் ஓடை வந்ததா? வரவில்லை என்றால் நிற்க வேண்டும். தப்பு நடந்தபின் 'இதுதான் அந்த ஓடையாக இருக்கும்' என்று நிலத்தை வரைபடத்துக்குள் திணிக்கும் ஆசை மிகவும் பலமானது. அதை இன்னொரு மூளையால்தான் தடுக்க முடியும்.

பாதங்கள் இந்த எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக்கூடியவை. நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய தோல் வெளுத்து, மிருதுவாகி, வலுவிழக்கும். கொப்புளம் வெறும் மேல் உரசலால் வருவதில்லை. உள்ளே எலும்பு நகர, மேலே தோல் காலுறையோடு ஒட்டி நிற்க, நடுவிலுள்ள தோலடுக்கு இழுபட்டுக் கிழிகிறது; அந்தக் கிழிசலில் நீர் கோக்கிறது. ஊறிய தோல் இன்னும் அதிகமாக ஒட்டும். எனவே ஒவ்வொரு இடைநிறுத்தத்திலும், தூங்கும் முன்பு, காலணியைக் கழற்றித் துடைத்துக் காயவைப்பது நேர விரயம் இல்லை.

இப்படிப் பங்கிட முடியாத ஒன்று, நால்வரும் ஒன்றாகக் குடிக்கும், நீந்தும் தண்ணீர். 2000-இல் போர்னியோவின் சபா மாநிலத்தில் ஈகோ-சேலஞ்ச் நடந்தது, 304 பேர் கலந்துகொண்டார்கள். போட்டி முடிந்து எல்லோரும் தத்தம் நாடுகளுக்குப் போனபின் பலருக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், தசைவலி, தலைவலி. ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பேரில் 80 பேருக்கு லெப்டோஸ்பைரோசிஸ் அறிகுறிகள் இருந்தன. விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, சிராய்ப்பு வழியாகவும் ஊறிய தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும் பாக்டீரியாவால் வரும் நோய் அது. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. யாரும் இறக்கவில்லை. பந்தயத்துக்கு முன்போ நடுவிலோ டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் குறைவாகவே வந்திருந்தது.